ஆறு பட்டைக் கல்லைத் தேடித் திருவொற்றியூருக்கு

போனவர்கள் இரண்டு பேர், நானும் அம்மாவும். வருவதாகச் சொன்ன என் பேராசிரியருக்குத் தேர்வுப் பணி வந்துவிட்டது, அவர் வரவில்லை. அப்பா பாதி வெட்டிய ஒரு கிணற்றுக்குள் இருந்தார், அவரும் வரவில்லை. அம்மாவை யாரும் கூப்பிடவே இல்லை. நான் பையைத் தோளில் மாட்டும்போது அவள் எலுமிச்சைச் சோற்றுப் போசியோடு வாசலில் நின்றாள். என் முகம் செத்துக் கிடக்கிறதாம், இந்த முகத்தோடு என்னைத் தனியாக அனுப்ப மாட்டாளாம்.

முகம் அப்படி ஆனதற்குக் காரணம் இரண்டு சாக்கு மூட்டைகள். நான் நிலவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காங்கேயம் பக்கம் அப்பா வெட்டிய ஒரு கிணற்றில், சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே, வெளிர் நீலத்தில் ஆறு பட்டையாகக் கற்கள் கிடைத்தன. கரும்புத் துண்டு பருமன். பெரில் என்று பெயர். அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் என் ஆராய்ச்சி. துறையில் கல் அறுக்கும் இயந்திரம் பழுதானதால், வெறும் கருங்கல் இருந்த சாக்கை மட்டும் திருவொற்றியூரில் பேராசிரியருக்குத் தெரிந்த ஒரு கல் கடைக்கு லாரியில் அனுப்பினோம். பார்சல் ஆபீஸ் ஆட்கள் பக்கத்தில் துறைக்கு அனுப்ப வைத்திருந்த பெரில் சாக்கையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள்.

கையில் வைத்துக்கொண்டால் பெரில் யாரையும் ஒன்றும் செய்யாது. கழுத்தில் கூடப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குள் பெரிலியம் இருக்கிறது. தண்ணீர் விடாமல் உலர்வாக அறுத்து, அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால், சிலருடைய நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பாகிப் போகும். அதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. கல் கடைகளில் பல பேர் உலர்வாகத்தான் அறுக்கிறார்கள்.

சாக்கு மாறியது தெரிந்ததும் கடைக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் அலறல். "அறுத்துகினுதான் கீறோம் சார், வந்து வாங்கிக்கோ" என்றது ஒரு குரல். நான் நிறுத்தச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அதன்பின் அந்த எண் உயிரோடு இல்லை. கடை முதலாளி செல்வராஜ் அண்ணாச்சியைப் பிடித்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இருந்தார், நாதஸ்வரம் கேட்டது. "எல்லாம் அறுத்தாச்சுல்லா தம்பி. பந்தியில நிக்கேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த முதல் குரலுக்குச் சொந்தக்காரன் யார், அவனுக்கு எத்தனை வயது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அன்று இரவு முழுக்க அவன் நெஞ்சுதான் என் கண்ணுக்குள் இருந்தது. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையே ஒரு வெளிநாடு. வடசென்னை அதற்குள் இன்னொரு வெளிநாடு. ராயபுரத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் எங்களையும் சேர்த்து ஏழு பேர் ஏறிவிட்டோம். நிரம்பிவிட்டது என்று நான் நினைத்தேன். டிரைவர் திரும்பி அம்மாவிடம், "எம்மா, காலை மடக்கிக் குந்து, இன்னும் ரெண்டு உருப்படி ஏறணும்" என்றார். எங்கள் ஊரில் ஆட்டையும் மாட்டையும்தான் உருப்படிக் கணக்கில் சொல்வது வழக்கம். "சந்தைக்கு ஏத்தறானாட்ட இருக்குது" என்று அம்மா என் காதில் சொன்னாள். ஆனாலும் மடக்கி உட்கார்ந்தாள். அவள் மடியில் யாரோ ஒரு பெண் தன் பூக்கூடையை வைத்தாள், கேட்காமலே.

திருவொற்றியூரில் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் சிலுவை பொறித்த கல்லறைக் கற்களும் வீட்டுப் பெயர்ப் பலகைகளும் சாய்த்து வைத்திருந்தன. ஷட்டர் மூடியிருந்தது. படியெல்லாம் வெள்ளைத் தூள். நான் படியேறாமல் நின்றேன். அம்மாவையும் ஏற விடவில்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாளிடம் விசாரித்தோம். கல் அறுக்கும் ஆள் பெயர் கௌதமன், புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீடு, பெண் எடுத்தது எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் என்று அவர் வரிசையாகச் சொன்னார். கடைசியாக இதையும் சொன்னார். "ரெண்டு நாளா லொக்கு லொக்குன்னு இருமிகினு கீறான்பா. மாமியா வூட்டாண்ட போயிகீறான்."

டீயைக் குடிக்க முடியவில்லை. பெரிலியம் இரண்டு நாளில் இருமல் தருவது அபூர்வம், பொதுவாக மாதங்கள், வருடங்கள் ஆகும் என்று நான் படித்திருந்தேன். ஆனால் நிறையத் தூளை ஒரே மூச்சில் இழுத்தால் உடனேயும் வரும் என்றும் படித்திருந்தேன். அந்த நேரத்தில் இரண்டாவது வாக்கியம் மட்டுமே நினைவில் நின்றது. அம்மா என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு எழுந்தாள்.

எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோ கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. பழுதில்லை. முன்னால் கண்ணுக்கு எட்டும் வரை கன்டெய்னர் லாரிகள், துறைமுகத்துக்கு வரிசை. ஒரு பக்கம் கடல், கல் கொட்டிய கரை. இன்னொரு பக்கம் இரும்புப் பெட்டிகள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். அது எவ்வளவு நேரத்துக்கான ஏற்பாடு என்று எங்களுக்குப் புரிந்தது.

அம்மா போசியைத் திறந்தாள். டிரைவருக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். பிறகு என்னிடம், இந்த விஷம் அப்பா வெட்டின கிணற்றுக்குள் எப்படி வந்தது என்று கேட்டாள். மூன்று வருடமாக நான் படிப்பதைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆழத்தில் பாறை உருகிக் கிடக்கிறது அம்மா, என்று ஆரம்பித்தேன். அது ஆறும்போது ஒவ்வொரு கனிமமும் தனக்கு வேண்டிய அணுக்களைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். பெரிலியம் அணு ரொம்பப் பொடிசு. யாருடைய கட்டமைப்பிலும் சரியாகப் பொருந்தாது. ஏறிய எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி, அது கடைசி வரை மிச்சமாகவே நிற்கும். எல்லாம் இறுகியபின் மிஞ்சுவது வெந்நீர். சாதாரண வெந்நீர் இல்லை, பல நூறு டிகிரிச் சூடு. மேலே இருக்கிற பாறையின் பாரத்தால் ஆவியாகக்கூட முடியாத தண்ணீர். அது விரிசல் விரிசலாக மேலே ஏறும். மிச்சப்பட்ட பெரிலியமும் அதோடு வரும். தனியாக வராது. புளோரின் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

அந்த நேரத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு டிரெய்லரை அதன் ஓட்டுநர் ஓரம்கட்டினார். இறங்கி, முட்டுக்கால்களை இறக்கி, கொக்கியைக் கழற்றி, முன்பக்கத்து வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போய்விட்டார். நீலநிறக் கன்டெய்னர் தலையில்லாமல் ரோட்டோரம் நின்றது.

"இதேதான்" என்று நான் கத்திவிட்டேன். புளோரின் இழுத்து வருகிற வண்டி, பெரிலியம் பெட்டி. வெந்நீர் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும், அதில் இருக்கிற கால்சியம் புளோரினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வேறு கல்லாகிவிடும். தண்ணீரும் ஆறிவிடும். இழுத்து வந்த வண்டி கழன்றுபோனால் பெட்டி என்ன செய்யும்? அங்கேயே நிற்கும். பக்கத்தில் இருக்கிற மற்றதுகளோடு சேர்ந்து கல்லாக வளரும். அப்பா வெட்டின கிணறு அப்படிப் பெட்டி நின்ற இடம்.

அம்மா அந்த நீலக் கன்டெய்னரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வெசமில்ல அது. எடங்கெடைக்காத பண்டம். ஒரு மூலைல செவனேன்னு கெடந்ததைப் போயி உங்கப்பன் தோண்டிப்போட்டாரு" என்றாள்.

டிரைவர் விரலை நக்கிக்கொண்டே, அந்தப் பெட்டிக்கு நிறுத்தி வைத்த வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டார். என் ஆராய்ச்சி பற்றி இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

நெட்டுக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் படகுகள். காயப்போட்ட துணியில்கூடச் சாம்பல் நிறம். கௌதமனின் மாமியார் தேசம்மா மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் எங்களை உட்கார வைத்துவிட்டார். மாப்பிள்ளை காலையிலேயே கிளம்பிவிட்டாராம். போன் உப்பங்கழித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம்.

"ராவெல்லாம் இருமல் நைனா. ஆஸ்பத்திரிக்குப் போன்னு நான்தான் தொரத்தி வுட்டேன். நீ இன்னாத்துக்கு இம்மாம் பதறிகினு கீற?"

நான் சொன்னேன். பாதிதான் சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டேன். அப்போதே புளியந்தோப்புக்குக் கிளம்ப எழுந்தேன். லாரி வரிசை இன்னும் நகரவில்லை, இப்போது ஏறினால் விடியும்போதுதான் இறங்குவாய், விடிந்தால் அவனே கடைக்கு வந்துவிடுவான் என்று தேசம்மா தடுத்தார். அவர் சொன்னது நியாயம். ஆனால் சொல்லிக்கொண்டே கழுவிய கூடையையே மறுபடி கழுவினார்.

மீன்குழம்பு வைத்தார். எங்கள் ஊரில் மீன் என்றால் ஏரிக் கெண்டை, அதுவும் எப்போதாவது. அம்மா முள்ளுக்குப் பயந்து குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள். தேசம்மா ஒரு துண்டை எடுத்து, பேசிக்கொண்டே முள்ளை உருவி, சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல் அம்மாவின் தட்டில் வைத்தார். இருவர் பேச்சும் இருவருக்கும் பாதிதான் புரிந்தது. ஊரே கலீஜாகிவிட்டது என்று தேசம்மா சொன்னபோது அம்மா என்னைப் பார்த்தாள். அசிங்கமாகிவிட்டது என்கிறார் என்றேன். சாம்பலால் ஆற்றில் மீன் குறைந்ததைத் தேசம்மா சொல்ல, ஆயிரம் அடியிலும் தண்ணீர் இல்லாததை அம்மா சொன்னாள். இந்தப் பேச்சுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் காலை தேசம்மாவும் எங்களோடு வருவதாகத்தான் இருந்தது. படகு வந்துவிட்டதால் நின்றுகொண்டார். என்ன சேதியானாலும் பக்கத்து வீட்டு எண்ணுக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அன்று சாலை காலியாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகலாம் போலிருந்தது.

கடையில் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே ஒருவர் இருமினார். குனிந்து பார்த்தேன். முப்பது வயதிருக்கும், ஒல்லி, கழுத்தில் துண்டு. நான் பெயரைச் சொன்னதும் கௌதமன் எழுந்து நின்று, நான் வாய் திறக்கும் முன்பே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"கோச்சுக்காத சார். கருங்கல்லு அல்லாத்தியும் அறுத்துட்டேன். அந்த நீலக் கல்ல மட்டும் நான் அறுக்கல. அண்ணாச்சியாண்டையும் சொல்லல."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். ஒன்றைக்கூடவா என்றேன். ஒன்றைக்கூட இல்லை, பிளேடு பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை என்றார். ஒரு மூலையைக் காட்டினார். என் சாக்கு, மேலே ஈரத்துணி, அதன் மேல் ஒரு செம்பருத்திப் பூ.

பக்கத்தில் இருந்த கல்லறைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். யாருடையது என்று பார்க்கவில்லை. அம்மா இடுப்பு முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அந்த இருமல் எதனால் என்று கௌதமனை அதட்டிக் கேட்டாள். நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு மாடிப்படிக் கல் இறக்கும்போது மழையில் தொப்பலாக நனைந்தாராம். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சளிதான் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். பாட்டில் மேசை மேலேயே இருந்தது. முதலில் தேசம்மாவுக்குச் சேதி சொன்னேன்.

கௌதமன் இன்னும் குற்றவாளி மாதிரியே நின்றார். ஏன் அறுக்கவில்லை என்று கேட்டேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய கல்லறைக் கல்லையோ பெயர்ப் பலகையையோ சிலர் கொண்டுவந்து, மறுபக்கத்தைத் தீட்டி வேறு பெயர் போடச் சொல்வார்கள். அப்போது முதலில் அதில் உளி வைத்தவரைத் தேடிப் போக வேண்டும். அவர் இல்லையென்றால் அவர் வீட்டார். வெற்றிலையும் பதினொரு ரூபாயும் வைத்து ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் பிளேடு. கேட்காமல் வைத்தால் அடுத்த வெட்டு தன் கையில் விழும் என்பது கௌதமனின் கணக்கு.

"ஆறு பட்டையும் ஒரே அளவு. பாலீஷ் போட்டாமாரி கீது. தலைய தட்டையா சீவி வுட்டுகீறான். மெஷின்ல இப்டி வராது சார், எவனோ குந்திகினு மாசக் கணக்கா செஞ்சிகீறான். அத்தப் போயி நான் எப்டி அறுப்பேன்? யாரு சார் செதுக்குனது?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. ஒரு தப்பான கணிப்பு ஒரு மனிதனின் நெஞ்சைக் காப்பாற்றியிருக்கிறது. அப்புறம் யோசித்தபோது அது அவ்வளவு தப்பான கணிப்பாகவும் தெரியவில்லை.

வெந்நீர் செதுக்கியது என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். ஆமாம் என்று அம்மா தலையாட்டினாள், ஒரே நாளில் பட்டம் வாங்கியவள்போல. விரிசலையும் வெந்நீரையும் கழன்றுபோன வண்டியையும் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். ஆறு பட்டை எப்படி என்பதை மட்டும் நான் சொன்னேன். சிலிக்கனும் ஆக்சிஜனும் ஆறு ஆறாகக் கைகோத்து வளையமாகும். அடுக்கிய வளையல் மாதிரி வளையத்தின் மேல் வளையமாக ஏறும். பக்கத்தில் நெருக்கடி இல்லாமல் இடம் இருந்தால் அந்த ஆறு வெளியிலும் பட்டையாகத் தெரியும். அவசரமில்லாமல், சொட்டுச் சொட்டாக வளர்ந்த வேலை.

அவர் நம்பவில்லை. என் பையில் போன வருடம் அறுத்துத் தேய்த்த பெரில் சில்லு ஒன்று இருந்தது. லென்ஸைக் கொடுத்து, செல்போன் வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தேன். சில்லுக்குள் முடி மாதிரி மெல்லிய குழாய்கள். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. சில்லை மெல்லச் சாய்க்கச் சொன்னேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "உள்ள தண்ணி கீது சார். குமிழி நவுருது."

அதுதான் கல்லைச் செய்த தண்ணீர், கல் வளரும்போது உள்ளே மாட்டிக்கொண்டது, கோடிக்கணக்கான வருடமாக அங்கேயே இருக்கிறது என்றேன். அது எவ்வளவு சூட்டில் இருந்தது, எதை எதைக் கரைத்துக்கொண்டு வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் இன்னொரு சில்லு எனக்கு வேண்டும்.

கௌதமன் லென்ஸை இறக்கிவைத்தார். "அப்ப ஆளு உள்ளதான் கீறாரு. கேட்டுறலாம்."

பேராசிரியருக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு வெட்டு, தண்ணீர் நிற்கவே கூடாது, எல்லோருக்கும் நல்ல முகக்கவசம், அறுத்த சேறு காய்வதற்குள் டப்பாவில் மூடித் துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். முகக்கவசம் ஊரிலிருந்தே ஒரு பெட்டி கொண்டு போயிருந்தேன். கௌதமன் எதிர்க்கடையிலிருந்து வெற்றிலை வாங்கி வந்தார். பதினொரு ரூபாய் வைக்க வேண்டியது கல்லுக்குச் சொந்தக்காரன் பொறுப்பு. என் சட்டைப்பையில் நோட்டுதான் இருந்தது, ஒரு ரூபாய் நாணயம் இல்லை. அம்மாவின் மஞ்சள் முடிச்சைப் பார்த்தேன்.

"அது மாரியாத்தாளுக்கு. கல்லுக்கு உன்ற காசைக் குடு" என்று இடுப்பைப் பொத்திக்கொண்டாள்.

டீக்கடையில் சில்லறை மாற்றி வந்தேன். வெற்றிலை மேல் காசு, காசுக்கு முன்னால் நீலக் கல். கௌதமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "தலைவா, ஒரே ஒரு வெட்டு. படிச்சிகினு கீற புள்ள. கோச்சுக்காத." பிறகு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். வெளியே ஒரு டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மெஷினைப் போட்டார்.

தண்ணீரை நான்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு துளி தூள்கூடப் பறக்கவில்லை. வெட்டி எடுத்த சில்லைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, உள்ளே குழாய்கள் வரிசையாக, கலையாமல் இருந்தன.

கிளம்பும்போது, கருங்கல் தூளும் நெஞ்சுக்கு ஆகாது, இனி எதை அறுத்தாலும் தண்ணீரும் முகக்கவசமும் வேண்டும் என்றேன். அரிக்கும் சார், பேஜாரு என்று கௌதமன் நழுவினார். அம்மா பெட்டியோடு முகக்கவசங்களை அவர் கையில் திணித்து, போடாவிட்டால் தேசம்மாவிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அந்தப் பெயருக்கு மரியாதை இருந்தது. உடனே ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ரயிலுக்கு நேரமிருந்தது. ராயபுரத்தில் ஒரு வண்டிக்கடையில் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயம் தூவி, பக்கத்தில் வாழைத்தண்டு சூப்போடு தருகிறார்கள். சேமியாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் மூன்று. இரண்டு நாளில் எனக்குப் பசித்தது அப்போதுதான்.

வீட்டில் அப்பா கிணற்று மண்ணோடு உட்கார்ந்து செலவைக் கேட்டார். ரயில், ஷேர் ஆட்டோ, அண்ணாச்சிக்கு அறுப்புக் கூலி, அத்தோ என்று அம்மா விரல் மடக்கினாள். தேசம்மா வீட்டுச் சாப்பாடு கணக்கில் வராது. அவர் காசு வாங்கவில்லை, கருவாடு வேறு கொடுத்தனுப்பினார். கடைசியில் பதினொரு ரூபாய் என்றதும், அது யாருக்கு என்று அப்பா கேட்டார்.

"செதுக்குனவருக்கு" என்றாள் அம்மா.

ஆக மொத்தம் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினொரு ரூபாய்.